உள்பக்கத்துத் துறாங்கு

எங்கள் அறைக் கதவின் உள்பக்கத்தில், என் தோள் உயரத்தில், திருகாணிகள் இருந்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியிலிருக்கும் இந்த பிளாட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று, அலுமாரி வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை அடைச்சுப்போட்டு மேலால பெயின்ற் அடிச்சா வடிவா இருக்கும்" என்றார். "கை வைச்சுப் பாருங்கோ, தெரியும்" என்றேன். மனுசன் பெட்டி தூக்கப் போய்விட்டார். அவர்மேல் பிழையில்லை. அந்த ஓட்டைகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்தில் யார் நின்றாலும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அந்த இடத்தில் ஒரு துறாங்கு இருந்தது. கதவைச் சாத்தி உள்ளே நின்றபடி இழுத்து நிலைக்குள் செருகுகிற, விரல் நீளமான பித்தளைத் துறாங்கு. அதைப் போடுவித்தவர் என் அக்கா. அது அங்கே இருந்தது சில மாதங்கள்தான். அந்தச் சில மாதங்கள் மட்டுந்தான் அக்கா இந்த வீட்டில் தனக்கென்று வாழ்ந்தார் என்று நான் சொன்னால், எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

எங்கள் வீட்டில் அக்காதான் மூத்தவர். அடுத்தது அண்ணா, கடைசி நான். அண்ணா கனடா போய்ச் சேர்ந்து, வேலை பிடித்து, சில வருடங்களில் இந்த பிளாட்டை வாங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மாற்றம் கிடைத்து வந்த அக்காவை இதில் இருத்தினார். அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர். கலியாணம் சரிவரவில்லை. சரிவராமல் போனதற்கும் காரணங்கள் இருந்தன, எல்லாவற்றிலும் எங்கள் இரண்டுபேருடைய படிப்பும் பயணமும் முன்னுக்கு நின்றன. அதை இங்கே கிளறினால் இந்தக் கட்டுரை முடியாது. "அக்கா வாடகை இல்லாமல் இருக்கிறா" என்று அண்ணா சொல்லுவார். அக்காவுக்கு முன்னால் சொல்லமாட்டார், மற்ற எல்லாரிடமும் சொல்லுவார்.

வாடகை இல்லை, உண்மை. ஆனால் அந்த வீட்டில் ஆள் இல்லாத நாளும் இல்லை. யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கொழும்பு என்றால் விமான நிலையமும் தூதரகங்களும் பெரியாஸ்பத்திரியும். அவை எல்லாவற்றுக்கும் வாசலாக வெள்ளவத்தையில் யாரோ ஒரு சொந்தக்காரரின் பிளாட். எங்கள் பரம்பரை முழுவதற்கும் அந்த வாசல் அக்கா. விசாவுக்கு வருகிறவர்கள், கண் ஒப்பரேஷனுக்கு வருகிறவர்கள், லண்டனிலிருந்து வந்து ஊருக்குப் போகமுதல் களைப்பாறுகிறவர்கள், போய்த் திரும்பி விமானம் ஏறமுதல் சூட்கேஸ் அடுக்குகிறவர்கள். விடியற்காலையில் இரவு பஸ்ஸால் இறங்கி, முருங்கைக்காயும் ஒடியல்மாவும் கருவாடும் கட்டிய பையோடு மணி அடிப்பார்கள். அக்கா கதவைத் திறந்து, பாய் விரித்து, தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். வாசற்கதவுத் திறப்பு ஒன்று எப்போதும் கீழே ஹார்ட்வெயார் கடை நானாவிடம் இருக்கும். யார் வந்து கேட்டாலும் நானா கொடுப்பார். "ரீச்சர்ட ஆக்கள்தானே" என்பார். பாவம், அவருக்கு எங்கள் ஆட்களின் தொகை தெரியாது.

அறைக்குள்ளும் அதே கதைதான். அக்காவின் அறையோடு ஒரு குளியலறை ஒட்டியிருந்தது. அதனால் அந்த அறை எல்லாருக்கும் வழி. அக்கா கட்டிலில் சாய்ந்திருப்பார், தலை துவட்டியபடி யாராவது ஈரக்காலோடு நடந்துபோவார்கள். அவருடைய கட்டிலில் சேலையை விரித்து அயன் பண்ணுவார்கள். அவருடைய மேசையில் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களை ஒதுக்கிவிட்டு சூட்கேஸ் திறப்பார்கள். "அக்காதானே, என்ன நினைக்கப்போறா" என்பார்கள். அக்கா என்ன நினைக்கிறார் என்று கேட்ட ஒரு நாயை நான் கண்டதில்லை.

பிறகு நாட்டில் டொலர் வற்றிய அந்தக் கேடுகெட்ட காலம் வந்தது. எல்லாருக்கும் நினைவிருக்கும். காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. நாங்கள் அப்போது தெஹிவளையில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வீட்டில் காஸ் முடிந்தபின் அக்கா வீட்டு சிலிண்டரில் இரண்டு வீட்டுக்கும் சமைப்பதென்று முடிவாகி, கொள்ளுப்பிட்டியில் மூன்று மணிக்கு என் வேலை முடிந்ததும் நான் நேரே இங்கேதான் வருவேன். அதனால் எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். நாட்டை விட்டுப் போனால் போதும் என்று எல்லாரும் பாஸ்போர்ட் எடுக்க ஓடி வந்த நேரம் அது. வழக்கமாக இரண்டுபேர் வருகிற வீட்டுக்கு ஏழு எட்டுப்பேர் வந்தார்கள். வரிசையில் இடம்பிடிக்க விடியமுதல் எழும்புவார்கள், சிங்களம் தெரிந்த ஆள் வேண்டும் என்று அக்காவையும் எழுப்புவார்கள். அக்கா அவர்களோடு போய் வரிசையில் நின்று, அங்கிருந்து பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனை போய்ப் படிப்பித்து, தொங்கிக்கொண்டு திரும்பி வந்தால், ஹோலில் காலை வைக்க இடமிருக்காது.

அந்தக் காலத்தில்தான் அண்ணா வட்ஸ்அப்பில் அக்காவுக்கு வீடியோ அனுப்பத் தொடங்கினார். மலையுச்சியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார், பின்னால் புல்லாங்குழல். கஷ்டகாலத்தில் மனச்சமநிலையை எப்படிக் காப்பது என்று விளக்கம். கூடவே அண்ணாவின் குரலும் வரும்: "அக்கா, இந்த நேரம் மைண்டை பலன்ஸா வைச்சிருக்கோணும். காலமை எழும்பி ஒரு அரை மணித்தியாலம் அமைதியா இருந்து பாருங்கோ. உங்களுக்கெண்டு ஒரு நேரம் வேணும்." அதே மூச்சில் அடுத்த செய்தி: "பிறகு, என்ர மனுசியின்ர சித்தப்பா குடும்பம் நாளைக்கு வருகினம். பாஸ்போர்ட் விசயம்தான். நாலு பேர்."

நான் அந்த போனைப் பிடுங்கி ஜன்னலால் எறிந்திருப்பேன். அக்கா இரண்டையும் கேட்டார். திரும்பவும் முதலாவதைப் போட்டுக் கேட்டார். "இவன் சொல்லுறது சரிதானே" என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அடுத்தநாள் பின்னேரம் கீழே இறங்கிக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"நானா, ஒரு துறாங்கு வேணும்."

"பாத்ரூமுக்கா ரீச்சர்?"

"இல்லை, என்ர அறைக் கதவுக்கு. உள்பக்கம்."

நானா ஒருமுறை அக்காவின் முகத்தைப் பார்த்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "இரும்பு வாணாம். கடக்காத்துக்கு ரெண்டு மழையில துருப்பிடிச்சுப் பெய்த்திரும். பித்தளையில நல்ல சாமான் ஈக்கி" என்று சொல்லி, தானே மேலே வந்து பூட்டிக் கொடுத்தார். அக்கா அதை இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். புதுச் சப்பாத்துப் போட்ட பிள்ளையைப்போல முகம். பிறகு ஹோலில் இருந்த எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "நாலு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் நான் இல்லை. பாத்ரூம் போறவை முன்னமே போங்கோ."

ஒருவருக்கும் விளங்கவில்லை. வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனுசி எப்படி இல்லாமல் இருப்பது? ஆனால் நாலு மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. துறாங்கு விழுகிற சத்தம் கேட்டது. ஐந்து மணிக்குத் திறந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து, தேங்காய் துருவி, எல்லாருக்கும் இடியப்பம் அவித்தார். இடையில் அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அக்கா சிரித்து நான் கண்டு எவ்வளவு காலம்!

ஒருநாள் கேட்டேன். "உள்ளுக்கு என்னக்கா செய்யிறனீங்கள்?"

"ஒண்டுமில்லை. ஃபேன் ஓடினா ஃபேனைப் பாத்துக்கொண்டு படுத்திருப்பன்."

"கரண்ட் இல்லாட்டி?"

"ஓடாத ஃபேனைப் பாப்பன்."

அவ்வளவுதான். ஜெபம் இல்லை, தியானம் இல்லை, புல்லாங்குழலும் இல்லை. கடற்கரை ரயில் போகும்போது ஜன்னல் நடுங்கும், அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதாகச் சொன்னார். அந்த ஒரு மணித்தியாலம் இருந்தபடியால் மிச்ச நேரமெல்லாம் அவரால் மனதாரக் கொடுக்க முடிந்தது. வருகிறவர்களோடு வரிசைக்கும் போனார், பாயும் விரித்தார், முகத்தைச் சுளிக்கவுமில்லை. யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. இதைத்தான் நான் இன்றைக்கும் அடித்துச் சொல்லுவேன். ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை!

ஆனால் எங்கள் ஆட்களிடம் பகலில் பூட்டிய அறைக்கதவுக்கு இரண்டே அர்த்தம். ஒன்று வீட்டில் சண்டை. மற்றது, உயிரை மாய்த்துக்கொள்கிற, வாயால் சொல்லக்கூடாத அது. மூன்றாவதாக ஒரு மனுசி சும்மா படுத்திருக்கலாம் என்பது எவருடைய புத்திக்கும் எட்டவில்லை. மகளுக்கு பாஸ்போர்ட் எடுக்க வந்து நின்ற பெரியம்மா முதல்நாளே கதவில் காதை வைத்துப் பார்த்தார். "மூச்சுச் சத்தமும் இல்லையடி" என்று என்னிடம் வந்து சொன்னார். "நித்திரையாக்கும்" என்றேன். "குமராய் நிண்டவள், வயசு போற நேரம் இப்பிடித்தான் தலைக்குள்ள ஏதும் வரும்" என்றார். எனக்கு விசர் வந்தது. அதற்குள் அவர் கனடாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

அண்ணா அன்றைக்கே எடுத்தார். "அக்கா, நீங்கள் டிப்ரஷனிலயோ?"

"இல்லையடா. படுத்திருந்தனான்."

"ஒளிக்காதேங்கோ. ஒரு டொக்டரைக் காட்டுவம்."

"எனக்கெண்டு ஒரு நேரம் வேணுமெண்டு நீதானே சொன்னனீ?"

"அதுக்குக் கதவைப் பூட்டச் சொன்னனானோ?"

இதுதான் எங்கள் வீட்டு மனச்சமநிலை. அக்காவுக்கென்று ஒரு நேரம் இருக்கலாம், ஆனால் அந்த நேரத்திலும் கதவு திறந்திருக்க வேண்டும், யாரும் கூப்பிட்டால் எழும்பி வரவேண்டும். வீடியோவில் மலையுச்சியில் இருந்தவரிடம் போய் யாராவது, அயன் எங்கே இருக்கிறது என்று கேட்டார்களா?

ஊர்க்கோயில் திருவிழாவுக்கென்று அண்ணா குடும்பத்தோடு வந்து இறங்கினார். அக்கா விமான நிலையத்துக்கே போய்க் கூட்டிவந்தார். வந்த மறுநாள், நாலு மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் அண்ணிக்குக் குளிக்க வேண்டியிருந்தது. ஹோலுக்குப் பக்கத்திலும் ஒரு குளியலறை இருக்கிறது. அது சரியில்லையாம். அண்ணா போய்க் கதவைத் தட்டினார். "அக்கா! அக்கா!" உள்ளேயிருந்து அக்காவின் குரல், ஆறுதலாக: "அஞ்சு மணிக்கு வாறன் தம்பி." அண்ணா திரும்பி எங்களைப் பார்த்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. "என்ர வீட்டில நான் கதவுக்கு வெளியில நிக்கவேண்டிக் கிடக்கு" என்றார். அவ்வளவு காலமும் வாய்க்குள் வைத்திருந்த "என்ர வீடு" அன்றைக்கு வெளியில் வந்தது.

அடுத்தநாள் எனக்கு வீட்டிலிருந்து வேலை. எங்கள் பக்கத்தில் கரண்ட் இல்லாததால் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருந்தேன். அக்கா பள்ளிக்கூடம் போய்விட்டார். பார்த்தால் அண்ணா கையில் ஸ்குரூ டிரைவர். கீழே போய் நானாவிடமே இரவல் வாங்கி வந்திருக்கிறார். நானாவுக்கு எதற்கென்று தெரியாது.

"என்னண்ணா செய்யிறீங்கள்?"

"அக்காவின்ர நன்மைக்குத்தான். உள்ளுக்கு ஏதும் நடந்தா ஆர் கதவை உடைக்கிறது?"

"உள்ளுக்கு ஒண்டும் நடக்கேல்லை. நடக்கிறதெல்லாம் வெளியிலதான்."

"நீ சும்மா இரு. கொஞ்சம் கோவிப்பா, பிறகு சரி. அக்கா சமாளிப்பா."

நான் போய்க் கதவை மறித்து நின்றேன். கத்தினேன். அண்ணி வந்து, "பிள்ளைகள் நித்திரை, மெதுவாக் கதையுங்கோ" என்றார். அண்ணா என் தோளை மெதுவாக விலக்கிவிட்டு மிச்சத் திருகாணிகளையும் கழற்றினார். துறாங்கை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் குசினி லாச்சிக்குள் வைத்தார். எறியவில்லை. அவ்வளவு நல்லவர்.

பின்னேரம் அக்கா வந்தார். கால்முகம் கழுவினார். நாலு மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் ஹோலில் துறாங்குச் சத்தத்துக்குக் காத்து நின்றேன். சத்தம் வரவில்லை. கதவு மெல்லத் திறந்தது. அக்காவின் வலது கை துறாங்கு இருந்த இடத்திலேயே இருந்தது, விரல் ஓர் ஓட்டையின்மேல். கண்ணால் பார்க்கமுதல் கை பழக்கத்தில் தேடியிருக்கிறது.

"ஆர் கழட்டினது?"

அண்ணா சொன்னார். நன்மை, பாதுகாப்பு, ஆட்கள் என்ன சொல்லுவார்கள், எல்லாம் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு, என் வாழ்நாளில் நான் கேட்டிராத ஒரு குரலில் கத்தினார். கீழே கடையில் நானாவுக்கும் கேட்டிருக்கும்.

"இந்த வீட்டில எத்தினை பேருக்குப் பாய் விரிச்சனான் எண்டு உனக்குத் தெரியுமோடா? எத்தினை பேரின்ர பயணப்பெட்டியைக் கட்டினனான்? எனக்கெண்டு நான் வைச்சது ஒரு துறாங்கு. இந்த விரலளவு துறாங்கு! அது உனக்குக் கண்ணுக்குள்ள குத்தினதோ?"

"அக்கா, சின்ன விசயம். நீங்கள் சமாளிப்பீங்கள் எண்டுதான்..."

"நான் எப்பவாவது சொன்னனானோ?" அக்காவின் குரல் தணிந்தது. "சமாளிப்பன் எண்டு என்ர வாயால ஒருநாளாவது சொன்னனானோ? நீங்கள்தான் சொல்லுறனீங்கள். நீ சொல்லுறாய், பெரியம்மா சொல்லுறா, ஊர் சொல்லுது. என்னைக் கேட்டனீங்களோ?"

நான் எவ்வளவு யோசித்தும் அக்கா அந்தச் சொல்லைச் சொன்ன ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை. "அக்கா சமாளிப்பா." எப்போதும் மற்றவர்கள்தான் சொன்னார்கள். பாராட்டுப்போலச் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் பெட்டியை அவர் தலையில் வைப்பார்கள்.

அண்ணா குடும்பம் விமானம் ஏறும்வரை அக்கா எல்லாம் செய்தார். அதன்பின் அந்த மாதமே கொட்டாஞ்சேனையில், பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரத்தில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் ஓர் அறையும் சின்னக் குசினியும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். "பெற்றோலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருந்தால் வசதி" என்று எல்லாருக்கும் ஒரே காரணம் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். நம்புவது எல்லாருக்கும் வசதி. "வெள்ளவத்தையை விட்டுப்போட்டுக் கொட்டாஞ்சேனையிலயோ?" என்று பெரியம்மா மூக்கைச் சுளித்தார். பேருக்குக் கவலைப்பட்டவர்களில் ஒருவரும் அந்தப் படியேறிப் போய்ப் பார்க்கவில்லை. அங்கே பாய் விரிக்க இடமில்லை அல்லவா.

நான் முதல்முறை போனது ஒரு சனிக்கிழமை. பருத்தித்துறை வடையும் நல்ல மாம்பழமும் கட்டிக்கொண்டு போனேன். செங்குத்தான மரப்படி, மேலே ஒரு பச்சைக் கதவு. தட்டினேன்.

"ஆரது?"

"நான்தான் அக்கா."

"அஞ்சு மணிக்கு, பிள்ளை."

மணியைப் பார்த்தேன். நாலரை. எனக்கும் ஏறியது கோபம்! அண்ணாவை எதிர்த்துக் கதவை மறித்து நின்றவள் நான், எனக்குமா? வடைப்பையைக் கதவடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகலாமென்று இரண்டு படி இறங்கினேன். இறங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கீழே தெருவில் கோயில் மணி கேட்டது, யாரோ சிங்களத்தில் மீன் விலை கேட்டார்கள். சொன்ன நேரத்துக்குக் கதவு திறந்தது. அக்கா கையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி.

"கோவமோ?" என்றார்.

"ஓம்."

"இருக்கட்டும்," என்றார் அக்கா. வடையை எடுத்துக் கடித்தார். "நல்ல மொறுமொறுப்பு. எங்க வாங்கினனீ?"

இந்த பிளாட் சும்மா கிடந்தால் பழுதாகிவிடும் என்று அண்ணா எங்களைக் கூப்பிட்டு இருத்தி இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வாடகை இல்லை. பாஸ்போர்ட் கூட்டம் குறைந்துவிட்டது, ஆனால் ஊரிலிருந்து பஸ்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. திறப்பு திரும்பவும் நானாவிடம். அக்காவின் அறைதான் எங்கள் அறை, அதே குளியலறை, அதே ஈரக்கால்கள். போன கிழமை அண்ணாவின் குரல் வந்தது: "பெரியம்மாவின்ர மருமகனும் ஆக்களும் சனிக்கிழமை வருகினம். ஆஸ்பத்திரி விசயம். ஒரு கிழமைதான். அக்காவைப்போல நீயும் சமாளிப்பாய் எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறனான்." அதன் கீழே ஒரு வீடியோ. தாமரைக் குளம். புல்லாங்குழல்.

நான் குசினி லாச்சியை இழுத்தேன். மெழுகுதிரித் துண்டுகளுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் அடியில் அந்தப் பொலித்தீன் பை அப்படியே கிடந்தது. நானா சொன்னது சரி, பித்தளை துருப்பிடிக்கவில்லை. ஓட்டைகள் தளர்ந்திருந்தன, திருகாணி பிடிக்கவில்லை. கணவர் நெருப்புக்குச்சிகளை உடைத்து ஓட்டைகளுக்குள் செருகித் தந்தார். இறுக்கினேன். உள்ளங்கை சிவக்கும்வரைக்கும் இறுக்கினேன்.

சனிக்கிழமை வந்தார்கள். சோறு கொடுத்தேன், பாய் விரித்தேன், ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று சொன்னேன். நாலு மணிக்கு அறைக்குள் வந்து துறாங்கைச் செருகிவிட்டுக் கட்டிலில் படுத்தேன். ஃபேன் சுற்றியது. கடற்கரை ரயில் போனது, ஜன்னல் நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் கதவில் தட்டினார்கள். "அக்கா, அயன் எங்க வைச்சிருக்கிறீங்கள்?"

அக்காவைப்போல ஆறுதலாகச் சொல்ல எனக்கு வராது. நான் கத்தித்தான் சொன்னேன்.

"அஞ்சு மணிக்கு!"